பால்மாவும் தாயின் தெரிவும்

தாய்ப்பால் அருந்தும் சிசுவுக்கு எந்தப் பால்மா உகந்தது என்னும் வினா இன்று இயல்பானதாகத் தோன்றுகின்றது. அவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1865இல் ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் சிசு உணவொன்றை ஆக்கினார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமை மாவும் கலந்த உணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். தாய்ப்பால் கிட்டாத சிசுக்களைக் காப்பதே அவரது நோக்கமாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் சந்தை விரிய விரிய, தாய்ப்பால் அருந்திய சிசுக்களும் அதன் இலக்காயினர்.

1939இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்பூட்டிய ரின்பாலைச் சிசு உணவென விற்பதை வன்மையாகக் கண்டித்தார். அசுத்த நீரில் கரைத்த பால் வயிற்றோட்டத்தைத் தந்தது. வறுமையால் நீர் மிகுத்த பால் போசாக்கின்மையைத் தந்தது. மேலும், சிசு முலையுண்பது குறையத் தாயின் பாற்சுரப்பும் குறையும். எனவே இலவச மாதிரி தீர்ந்த பின் பால்மாவை விலைகொடுத்து வாங்குவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை.

1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான ஒழுக்கக் கோவையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. ஐக்கிய அமெரிக்கா மட்டுமே எதிர்த்தது. பொதுமக்களுக்கான விளம்பரமும் தாய்மாருக்கான இலவச மாதிரிகளும் அக்கோவையால் மறுக்கப்பட்டன.

பால்மா பகைப்பொருளன்று, தேவையுற்றவிடத்து அது உயிர்காப்பது. ஆனால் அத்தேவையைத் தாய்க்கு உணர்த்த வேண்டியவர் மருத்துவரும் மருத்துவிச்சியுமேயன்றி விற்பனையாளர் அல்லர். விற்பவனே ஆலோசகனாகும்போது தெரிவு தாயினுடையதாக இராது.