ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுநியமனம்

வயது வரம்பினால் உத்தியோகத்தினின்று விலகிய ஆசிரியரை, அவருடைய ஓய்வூதிய உரிமைக்குப் பங்கமின்றி, மீண்டும் பள்ளியில் அமர்த்தும் ஏற்பாடு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் தாம் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுவராதலாலும் (முதல் தேதியில் பிறந்தவர் ஒரு மாதம் முன்னரே விடைபெறுவது இவ்விதியின் வேடிக்கை), பள்ளியாண்டோ ஜூன் மாதத்தில் தொடங்குவதாதலாலும், பாடம் நடுவழியில் நின்று மாணாக்கர் இடருறாவண்ணம், இடையில் ஓய்வுபெறுவோரை ஆண்டு முடியும்வரை நீடிக்கச் செய்வது வழக்கமாயிற்று. நன்னடத்தையும் தேக ஆரோக்கியமும் இதற்கு நிபந்தனைகள். உபரி ஆசிரியர் உள்ளவிடத்து இது மறுக்கப்படும். 58ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது.

மறுநியமனத்தை இரட்டைச் சம்பளம் என்று அயலார் எண்ணுவது பெரும்பாலும் பிழை. மத்திய அரசின் 1986ஆம் ஆண்டு ஆணை, மறுநியமனம் பெற்றவரின் சம்பளத்தை நிர்ணயிக்கையில், விலக்களிக்கப்பட்ட பகுதி நீங்கலாக, ஓய்வூதியத்தைக் கழித்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 1-4-2003 முதல் பணியிற் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர்; அவர்களைப் பற்றிய பிரச்சினை வேறு.

மறுநியமனத்தின் அவசியத்துக்கு ஓர் உதாரணம்: கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து 2009இல் பிரிந்த திருப்பூர் மாவட்டத்தில், பனியன் கம்பெனிகளை நாடி வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்துபோவதால், அனுபவமிக்க உபாத்தியாயரின் தேவை வகுப்பறையில் தெளிவாகப் புலப்படும். பள்ளி மேலாண்மைக் குழு வழியே 2022இல் அறிவிக்கப்பெற்ற தற்காலிக நியமனம் மறுநியமனத்தினின்று வேறானது. அதன் மாதத் தொகுப்பூதியம் அவ்வாண்டில் இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுகலை ஆசிரியர்க்கு 12,000 ரூபாயாக இருந்தது.