குற்றியலுகரம்: பெயரும் ஒலியும்

‘குறுமை’, ‘இயல்’, ‘உகரம்’ என்னும் மூன்றும் சேர்ந்தது குற்றியலுகரம். குறுமையின் ‘மை’ கெட்டு, ‘குறு’வின் றகரம் இரட்டித்து, இயலோடு புணர்ந்தது. சிறுமை + ஊர் சிற்றூர் ஆனதும் இவ்வழியே. குறுகி ஒலிக்கும் இயல்புடைய உகரம் என்பது பொருள். குறில் உகரத்துக்கு ஒரு மாத்திரை. இதற்கு அரை மாத்திரை.

குற்-றிய-லுக-ரம் என நேர், நிரை, நிரை, நேராக நாலசை கொண்டது இச்சொல். இதற்குள் கு, லு என இரண்டு உகரங்கள் உண்டு; இரண்டும் முழு உகரங்களே. தன் பெயருக்குள் இல்லாத குற்றியலுகரம் எதிரியின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. முற்றியலுகரத்தைப் பிரித்தால் முற்று + இயல் + உகரம். ‘முற்று’வின் கடைசி உகரம் குற்றியலுகரம்தான், உயிர் வந்ததும் கெட்டுவிட்டது.

கு, சு, டு, து, பு, று என்னும் ஆறு வல்லின உகரங்களே சொல்லின் ஈற்றில் குறுகும். முன்னால் தனிக்குறில் மட்டும் நின்றால் குறுகாது. ஆகவே நாடு குற்றியலுகரம், நடு முற்றியலுகரம். எண்ணுப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: ஒன்று முதல் பத்து வரை எல்லாம் குற்றியலுகரத்தில் முடிய, ஏழு மட்டும் விலகி நிற்கிறது, ழகரம் இடையினம். சொல்முதலில் குறுகும் உகரத்துக்குத் தொல்காப்பியம் காட்டும் சொல் ஒன்றே: நுந்தை. உன் தந்தை என்று பொருள்படும் அச்சொல் வழக்கொழிந்ததால், நன்னூல் கற்பவர்க்குக் குற்றியலுகரம் ஈற்றெழுத்தாகவே அறிமுகம்.

இலக்கணம் மாத்திரையை அளந்து பெயரிட்டது. ஆனால் செவிக்கு முதலில் எட்டுவது இதழின் நிலை. ‘பசு’ என்கையில் உதடு குவிகிறது, ‘காசு’ என்கையில் குவிவதில்லை. ‘காசு’வை உதடு குவித்து முழுதாக ஒலிப்பவரின் தமிழ் ஏட்டைப் பார்த்துக் கற்றதுபோல் இருக்கும். இன்றைய பேச்சில் இவ்வொலி இலக்கணத்தின் எல்லையையும் தாண்டிவிட்டது: தனிக்குறிலை அடுத்த ‘அது’வும், கடன்சொல்லான ‘பஸ்ஸு’ம் உதடு குவியாமலே ஒலிக்கின்றன.

புணர்ச்சியில் வேறுபாடு எழுத்திலேயே தெரியும். காசு + இல்லை ‘காசில்லை’; பசு + இல்லை ‘பசுவில்லை’. முன்னது உகரத்தை இழக்கிறது, பின்னது வகர உடம்படுமெய் பெறுகிறது. யாப்பிலும் குற்றியலுகரத்துக்குத் தனி இடம் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு நான்கில் நாள், மலர் போக, காசு, பிறப்பு இரண்டும் இவ்வுகரத்தில் முடிபவை.

மெய்யெழுத்தைப் போலவே குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. தமிழ் எழுத்தில் அப்புள்ளி இன்று இல்லை. எழுத்தில் இரண்டு உகரங்களும் ஒன்றே. மலையாளத்தில் இதே ஒலி ‘சம்விருதோகாரம்’ எனப்படுகிறது. அங்கே மெய்க்கு இடும் சந்திரக்கலைதான் இதற்கும் குறி.