விடுதலைப் பத்திரம்

கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை மற்றப் பங்குதாரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்குத் தமிழ்நாட்டில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். அப்பா இறந்த பின் மகள்கள் அண்ணன் தம்பிகளுக்கு இதை எழுதிக்கொடுப்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் இது பழைய வழக்கமல்ல. பங்கே இல்லாதவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்துச் சட்டத்தில் ஒருவர் தானே சம்பாதித்த சொத்து சுயார்ஜிதம். தந்தைவழி மூதாதையரிடமிருந்து வந்தது பூர்வீகம். மிதாட்சர முறைப்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. மகளுக்கு இருந்ததெல்லாம் கல்யாணச் செலவும் சீரும்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1937-இல் வந்த சட்டமோ கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கை அவள் ஆயுள் வரைக்கும் மட்டும் கொடுத்தது. மகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தாய் இல்லாத வீட்டில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் பூர்வீகச் சொத்தில் பாதி முதலிலேயே மகனுடையது. மீதிப் பாதிதான் இருவருக்கும் பிரியும். மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால். குடும்பம் வசிக்கும் வீட்டில் அந்தக் காலையும் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வந்தால் ஒழிய அவளால் பிரித்துக் கேட்க முடியாது.

செங்கல்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கிவைத்தது. 1988-இல் கல்யாணமான அக்காவுக்குப் பங்கில்லை. 1990-இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டையும், வசிக்கும் வீட்டின் மீதிருந்த தடையையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் மாற்ற முடியாது.

இப்படி உரிமை வளர வளரத்தான் அவள் கையெழுத்துக்கு மதிப்பு கூடியது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாக வேண்டும். “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று வாயால் சொன்னதாலோ, கல்யாணத்தில் நகை போட்டதாலோ பங்கு கரைந்துவிடாது. அது தெரிந்துதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போகிறார்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. பத்திரம் பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறும். பட்டா அண்ணன் பெயருக்கு மாறும்.

அவள் ஏன் கையெழுத்திடுகிறாள்? பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தால். புகுந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க அவளுக்கு இருப்பது அந்த ஒரு வாசல்தான். அண்ணனுக்கு அந்தப் பயம் இல்லை. அவன் பங்கை வாங்கிக்கொண்டே அண்ணனாகவும் இருக்கிறான்.

விட்டுக்கொடுப்பதும் அவள் உரிமைதான். ஆனால் சொத்து பூர்வீகமா சுயார்ஜிதமா, உயில் உண்டா, தன் பங்கு எத்தனை, அதன் இன்றைய மதிப்பு என்ன, பதிலுக்கு ஏதாவது தொகை வருகிறதா என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடட்டும். பத்திரத்தைப் படித்துப் பார்க்க ஒரு வாரம் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.