அலிபிரி வழியும் ஒரு பிடி பிரசாதமும்

எழுத உக்காந்தா என்ன கொறிக்கலாம்? பாதாம், வால்நட், டார்க் சாக்லேட்னு இங்க சூப்பர் மார்க்கெட்ல ஒரு அலமாரியே இருக்கு. நம்ம எடையில மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனா சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவீதம் அதுக்குத்தான் போகுதாம். அப்ப பசியோட எழுத முடியுமா?

இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு பழைய கதை இருக்குங்க. அன்னமாச்சாரியார் (1408-1503) சின்னப் பையனா திருமலை ஏறப் போறார். அலிபிரிதான் அடிவாரம், இன்னிக்குக் கணக்குக்கு சுமார் 3,550 படி. முழங்கால் முறிச்சான்ற செங்குத்தான இடத்துல பசி தாங்காம, செருப்புக் காலோட மூங்கில் புதர்கிட்ட சுருண்டு விழுந்துட்டாராம். தாயாரே ஒரு பாட்டி மாதிரி வந்து செருப்பைக் கழட்டச் சொல்லி, பிரசாதம் ஊட்டினாங்களாம். எழுந்தவுடனே ஒரு சதகம்! அவரோட பேரன் சின்னண்ணா எழுதின சரித்திரம் இப்படித்தான் சொல்லுது.

இது நம்பிக்கை, விட்டுடுவோம். பி.காம். படிச்சு வட்டிக் கணக்கு பார்த்தே பொழுது போகிற என்னை இழுத்தது கோயில் சுவர்தான். அங்க இருக்கிற கல்வெட்டுகள்ல பெரும்பாலானது தமிழ். பணமோ கிராமமோ கொடுத்தா, அந்த வருமானத்துல சுவாமிக்கு தினமும் தளிகை. பணமா வந்ததைக் கோயில் கிராமங்கள்ல ஏரி, கால்வாய் வெட்டப் போட்டு, கூடுதல் விளைச்சல்லேர்ந்து படி அளந்தாங்க. அதாவது முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் சோறாகவும் அப்பமாகவும் அதிரசமாகவும் வரும். படைச்சதுல கால் பங்கு கொடுத்தவருக்கு. அதுக்குப் பேர் 'விட்டவன் விழுக்காடு'. எங்க பேங்க்ல கூட இப்படி ஒரு டெபாசிட் ஸ்கீம் கிடையாது! (லட்டைத் தேடாதீங்க, அது பிற்காலத்து வரவு.)

அன்னமாச்சாரியார் மகன் பெரிய திருமலாச்சாரியார் இந்த மாதிரி நிறைய கட்டளை வச்சவர். அப்பாவோட பாட்டுகளைச் செப்பேட்டுல வெட்ட வச்சதும் அவர்தான். 32,000 பாட்டுன்னு சொல்றாங்க. இன்னிக்குக் கிடைக்கிறது அதுல பாதிக்கும் குறைவு. அதுவும் கோயிலுக்குள்ள ஒரு சின்ன கல் அறையில நூற்றாண்டுக் கணக்கா கிடந்து, 1920கள்லதான் வெளிச்சத்துக்கு வந்தது.

எனக்குத் தோணறது இதுதான். எழுதறவனுக்கு எந்தப் பலகாரம் நல்லதுன்னு கேக்கறதை விட, அடுத்த வேளைச் சோத்துக்கு யார் பொறுப்புன்னு கேக்கணும். அந்தக் கவலை இல்லாத வீட்டுலதான் மூணு தலைமுறை தொடர்ந்து பாட்டு எழுதியிருக்கு. எழுதினதைக் காப்பாத்தவும் ஆள் இருந்திருக்கு.

நம்ம பசங்க யாராவது ராத்திரி உக்காந்து எழுதினா, மார்க் என்னாச்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு அதிரசம் கொண்டு போய் வைங்க. மூளைக்கு நல்லதான்னு தெரியாட்டியும், வீட்டுல ஒரு ஆதரவு இருக்குன்னு தெரியும்.