கடல் கடந்த தமிழரும் தாய்நாட்டின் தூதரகமும்

பிறந்த நாட்டில் வாழும் மனிதனுக்கு அரசாங்கம் பல வாசல்களை உடையது. தாலுகாக் கச்சேரி, தபாலாபீஸ், நீதிமன்றம், ரயில் நிலையம் என்று ஒரு வாசல் அடைத்திருந்தால் மற்றொன்றைத் தட்டலாம். அந்நிய நாட்டுக்குப் பிழைக்கச் சென்றவனுக்கோ தன் அரசாங்கத்தின் வாசல் ஒன்றே ஒன்று. அதற்குத் தூதரகம் என்று பெயர். செல்வரும் சுற்றுலாச் செல்வோரும் அவ்வாசலை மிதிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. கூலி வேலைக்குச் சென்றவனுக்கு அதுவே தாயகம். அங்குள்ள குமாஸ்தாவே சர்க்கார். ஆதலின் ஒரு தூதரகத்தின் பெருமையை அதன் விருந்துகளைக் கொண்டு அளப்பது தகாது. அதன் சாளரத்தின் முன் மனுவுடன் நிற்பவன் எவ்வாறு திரும்பிச் செல்கிறான் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்கு வரலாற்றில் சான்றுகள் பல உண்டு. அவற்றுள் தமிழர்களாகிய நமக்கு மிக நெருங்கியது இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு. நாமும் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து இக்கரக்பூரில் கூடியிருப்பவர்களே. எனினும் நாம் கடந்தது மாகாண எல்லையை. அவர்கள் கடந்தது கடலை. அவ்வேற்றுமை எத்துணைப் பெரியது என்பதைச் சிந்திப்பது இவ்வாண்டு விழா மலருக்குப் பொருத்தமாகும்.

ஏஜெண்டுகளின் காலம்

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களினின்றும் புதுக்கோட்டைச் சீமையினின்றும் சென்ற மக்கள் இலங்கை மலைகளைத் திருத்தி முதலில் காப்பி பயிரிட்டனர். 1869-ஆம் ஆண்டு முதல் காப்பிச் செடியைப் பூஞ்சை நோய் பற்றி அழிக்கவே, பின்னர் தேயிலை வளர்த்தனர். கங்காணிமார் அவர்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்துச் சென்றனர். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். இக்கூட்டத்தார் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை அம்மக்கள் கையில் இருந்த தாள் அவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை. எவ்வளவு கடன்பட்டவர் என்பதையே சொல்லிற்று.

1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டம் நிறைவேறிற்று. தொழிலாளர் செல்லும் நாடுகளில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் ஏஜெண்டுகளை நியமிக்க அச்சட்டம் வழிவகுத்தது. அவ்வாறே இலங்கைக்கு நியமிக்கப் பெற்ற ஏஜெண்டின் அலுவலகம் கண்டி நகரில் அமைந்தது. தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதும், குறைகளைக் கேட்பதும், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவதும் அவருடைய கடமைகள். உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எடுத்துச் சொல்லலாம்; வற்புறுத்தலாம்; எழுதலாம். இத்துணைச் சிறிய அதிகாரத்தினாலும் பயன் விளையாமற் போகவில்லை. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் இலங்கையில் 1927-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதற்கு இந்தியத் தரப்பின் இடைவிடாத வற்புறுத்தலும் ஒரு காரணமாகும்.

அதே 1927-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜெண்டாகச் சென்றவர் ரைட் ஆனரபிள் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய அப்பெரியார், வாக்குரிமை மறுக்கப்பட்ட மக்களுக்காக நாவன்மை ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு வாதாடினார். டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகளுக்கென எழுந்த சாஸ்திரிக் கல்லூரி அவர் முயற்சியின் சின்னமாக நின்றது. ஆயினும் அவரைப் போன்ற அறிஞராலும் அந்நாட்டின் நிறவெறியை மாற்ற இயலவில்லை. அடிமை நாட்டின் தூதுவர் கேட்கலாமேயன்றிப் பெற்றுத் தர இயலாது என்பதை அக்காலம் உணர்த்திற்று.

இலங்கையிலும் நிலைமை முற்றியது. இந்தியத் தினக்கூலி ஊழியரை அரசாங்க வேலையினின்று நீக்க 1939-இல் அந்நாட்டு அரசு முற்பட்டது. பண்டித ஜவாஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் அங்குச் சென்று பேசியும் பயன் இல்லை. 1939 ஆகஸ்டு முதல் தேதியன்று உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது.

இரு வாசல்களுக்கு நடுவே

சுதந்திரம் வந்தது. ஏஜெண்டு போய் ஹைகமிஷனர் வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக 1947-இல் கொழும்புக்குச் சென்றவர் வி. வி. கிரி அவர்கள். நம் பெங்கால் நாகபுரி ரயில்வேயின் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவரும், பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கியவரும் அவரே. தொழிலாளர் துயரம் அறிந்த ஒருவரை அனுப்பியது தக்க தேர்வே. ஆனால் அவர் காலத்திலேயே பேரிடி விழுந்தது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1949-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின்படி பிரஜாவுரிமை கோரியவர் சுமார் 8,25,000 பேர். பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. வாக்குரிமையும் பறிபோயிற்று.

இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். தாமோ, தம் பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருப்பின், வெளிநாட்டில் வாழ்வோர் அங்குள்ள இந்தியத் தூதரிடம் விண்ணப்பித்துத் தம்மை இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்து கொள்ளலாம் என்பது அதன் சாரம். அஃதாவது, ஒரு மனிதனை இந்தியனாக்கும் பேனா தூதரகத்தின் மேஜைமேல் இருந்தது. ஆனால் அப்பேனா எல்லாருக்கும் தானாக எழுதவில்லை. நெடுங்காலம் இலங்கையில் வாழ்ந்து அதனை வளப்படுத்தியவர்கள் அந்நாட்டுக்கே உரியவர்கள் என்பது நேருவின் கொள்கை. நீதிமுறையில் அது சரியே. அவர்களை இந்தியர் என்று இந்தியா ஒப்பினால் இலங்கையின் வாதமே வென்றதாகிவிடும். எனினும் இரு அரசுகளும் நீதி பேசிக் கொண்டிருந்த காலமெல்லாம், இரு வாசல்களும் சாத்திய தெருவில் நின்றவன் தொழிலாளியே. 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தமும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை.

கணக்கும் மக்களும்

1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் திருமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். (1974-இல் அத்தொகையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்து கொண்டனர்.) பதினைந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டிய இவ்வேலை ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் நடைபெற வேண்டும். சரக்கு வண்டிகளின் கணக்கை எழுதிப் பழகிய என் போன்ற குமாஸ்தாவுக்கும் இவ்விகிதம் நெஞ்சை உறுத்துகிறது. ஏழு பேர் புறப்பட்டால் நால்வர் இருக்கலாம் என்பது சரக்குக்குப் பொருந்தும், குடும்பத்துக்குப் பொருந்துமோ?

யார் அந்த ஏழு பேர், யார் அந்த நால்வர் என்பதை ஒப்பந்தம் கூறவில்லை. அதனை அறியும் பணி அலுவலகச் சாளரங்களுக்கு வந்து சேர்ந்தது. கண்டியிலிருந்த இந்தியத் துணை ஹைகமிஷன் அலுவலகம் இந்தியப் பிரஜாவுரிமை கோரும் விண்ணப்பங்களைப் பெற்றது. 1970 ஏப்ரல் மாதத்தோடு விண்ணப்பக் காலம் முடிந்தது. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் ஏறத்தாழ 4 லட்சம் பேர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைநகரில் இரு பிரதமர்கள் போட்ட கணக்கு ஒன்று. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் மக்கள் போட்ட கணக்கு வேறொன்று. அம்மக்களின் விருப்பம் முதன்முறையாகத் தாளில் ஏறியது அவ்விண்ணப்பங்களிலேதான். கேட்ட பின் பிரித்திருக்க வேண்டியவர்கள், பிரித்த பின் கேட்டனர் என்பதே இதன் பொருள்.

விண்ணப்பித்தவரின் பாடு அத்துடன் முடியவில்லை. தந்தை பெயர், ஊர், தாலுகா, பிறந்த ஆண்டு ஆகிய அனைத்தும் தாளில் ஏற வேண்டும். மூன்று தலைமுறையாகக் காணாத ஊரின் பெயரைச் சரியாகச் சொல்வது எளிதன்று. பிரஜாவுரிமையும் பாஸ்போர்ட்டும் கிடைத்த பின் தோட்டத்தில் சேம நிதியும் பணிக்கொடையும் பெற வேண்டும். புறப்படும் நாள் குறிக்க வேண்டும். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லத்தக்க உடைமையின் உச்சவரம்பை ரூ. 4,000-க்குக் கீழ் குறைப்பதில்லை என்று இலங்கை ஒப்பந்தத்தில் வாக்களித்திருந்தது. கண்டி அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை மற்றெல்லாத் தாளினும் அருமையானது. இந்தியாவில் பெறவேண்டிய மறுவாழ்வு உதவிகள் அதனைக் கொண்டே முடிவாயின. வயது வந்த மகன் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் உரியவராதலும் நேர்ந்தது.

மலைநாட்டார் ரயில் வண்டியைக் 'கோச்சி' என்பர். அக்கோச்சியில் ஏறித் தலைமன்னார் வந்து, அங்கிருந்து கப்பலில் கடலைக் கடந்தனர். 1914 முதல் தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பல் வழி அது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதையும் நிலையமும் பயணிகள் வண்டியும் கடலுக்கு இரையாயின. அதன்பின் இராமேசுவரமே அவர்கள் கரையேறும் துறையாயிற்று. மண்டபம் முகாமிலிருந்து பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், வேறு பலர் நூற்பு ஆலைகளுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே 'இந்தியத் தமிழர்' என்று குறிக்கப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' என்று பெயர் பெற்றனர். கலவரத்தால் 1984-இல் கப்பல் நின்றது. இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் புறப்பட இயலாத பல்லாயிரவர் அங்கேயே தங்கினர். 2003-ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய சட்டமே அவர்களுக்கும் எஞ்சிய நாடற்றோருக்கும் அந்நாட்டுப் பிரஜாவுரிமையைத் தந்தது. 1948-இல் தொடங்கிய காத்திருப்பு 55 ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

தூதரகத்தைக் குறை கூறுவது எளிது. காலதாமதம், கடுஞ்சொல், நாளை வா என்னும் விடை ஆகியவற்றை வெளிநாடு சென்றோர் பலரும் கூறக் கேட்கிறோம். சாளரத்தின் உட்புறம் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். விதியை மாற்றும் அதிகாரம் குமாஸ்தாவுக்கு இல்லை. விதியைப் பொறுமையாக விளக்கும் அதிகாரம் அவனுக்கு உண்டு. அதற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டியதில்லை.

விதியைத் தளர்த்த அரசாங்கம் துணிந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்தினுள் புகுந்தபோது, அங்கிருந்த இந்தியர் ஈராக் வழியே ஜோர்டான் நாட்டு அம்மான் நகரை அடைந்தனர். பாஸ்போர்ட் இழந்தவருக்கும் பயணச் சீட்டுகள் எழுதித் தரப்பட்டன. ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தன. இடருற்றோருக்கு உதவ இந்தியத் தூதரகங்களில் 2009-இல் இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது. 2015-இல் குறைகளைப் பதிவு செய்ய 'மதத்' என்னும் இணைய வழி திறக்கப்பட்டது. ஏஜெண்டின் ஆண்டறிக்கைக் காலத்தை நோக்க இவை பெரும் முன்னேற்றமே.

ஆயினும் உதவி இருப்பது வேறு; அதனைக் கேட்கத் தெரிவது வேறு. நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். அவர்கள் பாஸ்போர்ட்டு, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துச் செல்லட்டும். இறங்கிய ஊரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியட்டும். அதன் முகவரியைத் துன்பம் வந்த பின் தேடாமல் முன்பே அறியட்டும். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுக்க, சங்கத்தில் வாரம் ஒரு மாலைப் பொழுதை இருவர் ஒதுக்குவது அரிய செயலன்று. மலைநாட்டுத் தமிழரின் வாழ்வு ஒரு தாளில் தொங்கிற்று. அத்தாளைத் திருத்தமாக எழுதித் தருவதும் தமிழ்ப் பணியே. நாடகமும் கவியரங்கமும் நடத்தும் நம் சங்கம் அதனையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாக.