பேயும் அன்று, பாவமும் அன்று: கரிசல் நாட்டுத் திருச்சபையும் இளைஞர் மனநோயும்

திருநெல்வேலித் திருச்சபையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பயில்வோர், பேயாட்டம் பற்றிய செய்திகளைக் கடந்து செல்லுதல் இயலாது. 1841ஆம் ஆண்டில் இடையன்குடியில் பணி தொடங்கிய இராபர்ட் கால்டுவெல், 1849ஆம் ஆண்டில் பனைத்தொழில் புரிந்த மக்களைக் குறித்து வெளியிட்ட நூலில், கோமரத்தாடியின் மீது தெய்வம் இறங்குவதையும், அவன் ஆடுவதையும், ஊரார் குறி கேட்பதையும் விரிவாக வருணித்துள்ளார். அந்நூல் அம்மக்களின் உள்ளத்தைப் பின்னாளில் ஆழமாகப் புண்படுத்தியது என்பதையும் மறத்தற்கில்லை. நம் ஆய்வுக்கு வேண்டியது அதனுள் அடங்கிய மற்றொரு செய்தி. கால்டுவெலின் கண்ணில் பட்டது ஓசையுடைய துன்பம். உறங்காமல் விடியும்வரை விழித்துக் கிடக்கும் இளைஞனும், சமைத்த சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துக் கொண்டிருக்கும் மருமகளும் ஆடுவதில்லை, அலறுவதுமில்லை. அவர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. திருச்சபை தன் துன்புறும் மக்களைக் கண்ட வகையில் இவ்வேறுபாடு நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதே நம் கருத்தாகும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாடு, திருச்சபை வரலாற்றில் தென்பகுதியினின்று வேறுபட்ட முறையில் இடம்பெற்றது. தென்பகுதியில் மிஷன் நிலையங்கள் ஊன்றின. நாசரேத்தில் 1870ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஸ்ட்ராக்கன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். வடபகுதிக்கோ 1854ஆம் ஆண்டில் இராக்லந்து ஐயரும் அவருடைய தோழர்களும் கூடாரங்களோடு வந்தனர். ஊர் ஊராகச் சென்று, கூடாரமடித்து, பேசி, மறுபடியும் பெயர்ந்தனர். 1858ஆம் ஆண்டில் இராக்லந்து சிவகாசியில் உயிர் நீத்தார். கூடாரம் பெயர்ந்தபின் ஊரில் எஞ்சியவர் உபதேசியார் ஒருவரே. காய்ச்சலென்றாலும் கலக்கமென்றாலும் அவரையே நாடினர். மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் அவர் வாசலில் வந்து நின்றவை வயிற்றுப்பசி மட்டுமே என்று நினைப்பது தவறு.

அரசு மருத்துவமும் இம்மண்ணுக்கு எட்டாத தொலைவிலேயே இருந்தது. சென்னையில் 1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி தொடங்கிய தனியார் காப்பகமும், 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட அரசு மனநோய் விடுதியும் கோவில்பட்டியினின்று ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டவை. 1876ஆம் ஆண்டில் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை வந்தது. வண்டியேறிச் சென்னைக்குப் போகலாம். ஆயினும் கட்டுக்கடங்காதவர்களையே அங்குக் கொண்டு சென்றனர். மற்றையோருக்கு அருகிலிருந்தவை புண்ணியத் தலங்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்திற்கும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிற்கும் சமய வேறுபாடின்றி மக்கள் சென்றனர், இன்றும் செல்கின்றனர்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, தனியார் விடுதியொன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தீயில் சிக்கி, 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. இதைக் கேட்டு, திருத்தலங்களெல்லாம் கொடுமைக் கூடங்களே என்று முடிவுகட்டுதல் நேர்மையன்று. தமிழ்நாட்டு முத்துசுவாமி கோவில் ஒன்றில் தங்கியிருந்த கடும் மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மனநல அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ ஆறு வாரம் தங்கிய அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன.  அங்குப் பூசாரியின் சடங்கு பெரிதாக இல்லை. குடும்பத்தாரில் ஒருவர் உடனிருந்தார், சிறு சிறு வேலைகள் தரப்பட்டன, எவரும் ஏளனம் செய்யவில்லை. அன்பான இடம் என்பதே மருந்தின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்று. முழு மருந்து என்பதற்குச் சான்றாகாது.

நம் திருச்சபை இத்துறையில் செய்த நற்பணியும் உண்டு. இ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த சில ஆண்டுகளிலேயே நரம்புத் தளர்ச்சியால் மீண்டும் மீண்டும் வீழ்ந்தவர். தம் தளர்ச்சியை மறைக்காமல் எழுதிய அவர், 1950ஆம் ஆண்டில் இலக்னோவில் ‘நூர் மன்சில்’ என்னும் மனநல நிலையத்தைத் தோற்றுவித்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957ஆம் ஆண்டில், டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால், பாகாயத்தில் மனநல மையம் திறந்தது. நோயாளரோடு குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்பது அம்மையத்தின் வழக்கம். வார்டில் அடைத்துப் பூட்டுவதே முறையென்றிருந்த காலத்தில் இது சிறிய மாற்றமன்று. அவ்வாண்டளவிலேயே சுவிட்சர்லாந்தின் ரோலண்டு கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வை நீக்குவதை அறிவித்தார். ஓசையற்ற நோய்க்கும் மருந்துண்டு என்னும் செய்தி அப்போதே உலகுக்குக் கிடைத்துவிட்டது. அது கரிசல் ஊர்களை அடையப் பல பத்தாண்டுகள் ஆயின. 1982ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டு, 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டமாக முதலில் நான்கு மாவட்டங்களில் செயற்பட்டது. அவற்றுள் திருச்சிராப்பள்ளி ஒன்று.

எனினும் 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு கண்டது யாது? வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புற்றிருந்தனர். அவருள் மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான நோய்களை உடையோரில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையின்றியே இருந்தனர். இளமையே இந்நோய்களின் தொடக்கப் பருவம். வாழ்நாளில் தோன்றும் மனநோய்களில் முக்காற்பங்கு 24 வயதிற்குள் தலைகாட்டிவிடுகிறது என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு. ஆகவே ஆயர் காணவேண்டியவர் முதியோர் மட்டுமல்லர். வாலிபர் சங்கத்தில் வருவதை நிறுத்திக்கொண்டவரே முதன்மையானவர்.

அவரை எங்ஙனம் அறிவது? ‘மனச்சோர்வு’ என்பது நூல்வழிச் சொல். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் பெண் அச்சொல்லைச் சொல்லமாட்டாள். ‘நெஞ்சு படபடன்னு அடிக்கு’, ‘உடம்பெல்லாம் அசதியா இருக்கு’, ‘தல கனக்கு’, ‘ஒண்ணும் ஓடல’ என்பாள். துன்பம் உடலின் மொழியில் பேசுகிறது. கூலி எண்ணிக்கை குறைகிறது. மேற்பார்வையாளர் சோம்பல் என்கிறார். வீட்டார் திமிர் என்கின்றனர். கோவை, திருப்பூர்ப் பஞ்சாலை விடுதிகளுக்குச் சென்று திரும்பிய பெண்ணும், அரசுத் தேர்வில் மூன்றுமுறை தவறி வீட்டுத் திண்ணையை விட்டிறங்காத பட்டதாரியும் இவ்வகையினரே. இளைஞர் சிலரிடம் சோர்வு சினமாகவும் குடியாகவும் வெளிப்படும். அவரைத் திருத்தவேண்டிய முரடர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். கடன், வறுமை, வீட்டில் அடி ஆகியவை இந்நோயை வளர்க்கின்றன என்பதை அறிஞர் நிலைநாட்டியுள்ளனர். ஆகையால் நோய் என்று சொல்லுவதால் அநீதியை மூடிவிடக் கூடாது. அநீதி என்று சொல்லுவதால் நோய்க்கு மருந்து தராமலும் விடலாகாது.

ஊக்கமின்மை, முன்பு விரும்பியதில் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னைக் குற்றவாளியாகவே எண்ணுதல் ஆகியவற்றுட் பல இரண்டு வாரத்திற்கு மேல் நாள்தோறும் தொடருமாயின் அது வெறும் வருத்தமன்று. குற்றவுணர்வைப் பற்றித் திருப்பணியாளர் சிறப்பாகக் கருதல் வேண்டும். மனச்சோர்வுற்ற விசுவாசி, மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன் என்று ஆயரிடமே வருவான். அவனிடம் மனந்திரும்புதலைப் பிரசங்கிப்பது எரியும் புண்ணில் உப்பிடுதலாகும். சூரைச் செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவிற்குத் தூதன் தந்தது அடையும் தண்ணீரும். இரண்டுமுறை உறங்கவிட்ட பின்னரே ஆண்டவர் அவனோடு பேசினார். இல்லாத குரல் கேட்டல், காரணமற்ற ஐயம், தொடர்பற்ற பேச்சு ஆகியன காணின் அது வேறு வகை; காலந்தாழ்த்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவுதான்.

சிகிச்சையின் தொடக்கம் எளியது. கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும், மருத்துவப் பட்டமற்ற உள்ளூரார்க்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வுற்றோர்க்கு உதவச் செய்தனர். கைவிட்ட சிறு செயல்களை மீண்டும் ஒவ்வொன்றாகத் தொடங்கச் செய்வதே அம்முறையின் உயிர்நாடி. அது பயன் தருவதை 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். உபதேசியாரும் வேதாகமப் பெண்மணியும் செய்யக்கூடாதது இதில் ஒன்றுமில்லை. அசதியென்று வருவோரை முதலில் மருத்துவர் பார்த்தல் நன்று. இரத்தச்சோகையும் தைராய்டு குறைவும் இதே முகத்தோடு வரும். மனச்சோர்வு மருந்துகள் பலனளிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குணமானபின்னும் ஆறு மாதமேனும் தொடர்தல் வேண்டும். தூக்க மாத்திரையைப் போல் அவை அடிமைப்படுத்துவனவல்ல. மூன்றாம் வாரத்தில் சுகமளிக்கும் கூட்டத்திற்குச் சென்று மாத்திரையை எறிந்துவிட்டு வரும் இளைஞர் உளர். அவரை அவ்வாறு செய்யத் தூண்டும் பிரசங்கியார், தாம் அறியாத துறையில் தீர்ப்பளிக்கிறார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கையோ ஒரு நோயாளியோடு இன்னொரு துன்புறுவாரையும் சேர்த்துவிடுகிறது. ஓலை வாசிக்கும் பொறுப்புடைய ஆயர் இதனைத் துணிந்து சொல்லலாம்.

இறுதியாக, நாம் பேசத் தயங்கும் ஒன்று. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெப நூல், தன்னுயிரைத் தானே போக்கியவர்க்கு அடக்க ஆராதனை செய்யலாகாது என்று விதித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம் 2015ஆம் ஆண்டில்தான் அவ்விலக்கை நீக்க வாக்களித்தது. அரசின் சட்டமும் நெடுங்காலம் இதே போக்கினதே. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடுமையான மன அழுத்தமுடையவராகக் கருதித் தண்டிக்காதிருக்கச் செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அப்பிரிவே இல்லை. இவ்விரு விதிகளின் அச்சத்தால் கரிசல் வீடுகள் கற்ற பொய்தான் ‘தீராத வயிற்றுவலி’. வயிற்றுவலி என்று எழுதியபின் நோயைக் கேட்பாரில்லை. அடுத்த தங்கையைக் காப்பாரும் இல்லை. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதினரின் சாவுகளை வேலூர் மருத்துவக் கல்லூரியார் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தபோது, இலட்சம் பெண்களுக்கு 148, இலட்சம் ஆண்களுக்கு 58 என்னும் அளவில் தற்கொலைகள் வெளிப்பட்டன.

சாக எண்ணமுண்டோ என்று நேரே கேட்டால் அவ்வெண்ணம் தோன்றிவிடும் என்பது தவறான அச்சம். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் இருபதாண்டுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயிற்று. பருத்தியும் மிளகாயும் விளையும் நம் பகுதியில், தெளித்து மீந்த மருந்து பெரும்பாலும் வீட்டுப் பரணிலோ கதவின் பின்னோதான் இருக்கும். சோர்ந்திருக்கும் மகனையோ மகளையோ காணச் செல்லும் ஆயர், ஜெபித்து எழுமுன், அந்தக் குப்பி எங்கே இருக்கிறதென்று தாயாரிடம் தனியே கேட்டு, அதைத் தோட்டத்து அறையில் பூட்டி வைக்கும்படி சொல்லிவிட்டு வரலாம்.