பூனை மணலின் வரலாறும் எங்கள் கிணறும்

 

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னது: "சேர், எங்கட பூனைக்குட்டிக்கு யாழ்ப்பாணத்தில மண் வாங்கி வந்தம். மண்ணையும் காசு குடுத்து வாங்குறியளோ எண்டு அம்மம்மா சிரிக்கிறா." வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த அம்மம்மாவின் சிரிப்புக்குள் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கழிவை மண்ணால் மூடும் பழக்கத்தைப் பூனை எங்களோடு சேர்ந்த பின்னும் விடவில்லை. எங்கள் வளவுகளில் அதற்கு மணல் இருந்தது, குசினிக்குப் பின்னால் சாம்பல் மேடு இருந்தது. ஒருவரும் எதையும் வாங்கவில்லை.

அமெரிக்காவிலும் அப்படித்தான். குளிருக்குப் பூனையை வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பெட்டியில் சாம்பலோ மணலோ போட்டார்கள். 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் அயல்வீட்டுப் பெண் ஒருவர் மணல் கேட்டு வந்தார். லோவிடம் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் ஒருவகைக் களிமண் இருந்தது. அதைக் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பவும் அதையே கேட்டு வந்தார். லோ அதைப் பையில் கட்டி 'கிட்டி லிட்டர்' என்று பெயர் எழுதி விற்கத் தொடங்கினார். 1980களில் பென்டோனைட் என்ற களிமண் வந்தது. ஈரம் பட்டதும் வீங்கிக் கட்டியாகும், அள்ளி எறிவது சுகம். இன்று கடையில் கிடைக்கும் பூனை மணலில் பெரும்பகுதி இதுதான்.

இதில் என்ன பிழை? இந்தக் களிமண்ணை நிலத்தின் மேற்பரப்பைப் பெயர்த்துத் திறந்த சுரங்கமாகத் தோண்டி எடுக்கிறார்கள். பாரமான பைகளாகக் கப்பலேறி வருகிறது. ஒரு முறை பாவித்ததும் குப்பை. அது உக்காது. மலசலகூடத்தில் கொட்டினால் வீங்கிக் குழாயை அடைத்துவிடும். ஷொப்பிங் பையில் கட்டி வேலியோரம் எறிந்தால், பை கிழிந்து மாரி மழையில் எல்லாம் நிலத்துக்குள் இறங்கும்.

எங்கள் நிலம் எப்படிப்பட்டது? தீவகத்துக்கு ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளுக்குள்ளும் இறங்கி, உப்புநீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வேலணை சாட்டிக் கிணற்று நீரின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு உரமும் மலசலகூடக் குழிகளும்தான் பெரிய காரணம், பூனை அல்ல. ஆனால் நிலத்தில் கொட்டுவது கிணற்றுக்கு வரும் என்ற பாடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு விடயம், கர்ப்பிணித் தாய்மார் கவனிக்க வேண்டியது. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை 1908இல் துனிஸ் நகரில் கண்டுபிடித்தார்கள். அது பூனையின் மலத்தின் வழியாகப் பரவுகிறது என்பது 1970 அளவில்தான் உறுதியானது. மலத்தோடு வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே நாள்தோறும் அள்ளினால் ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள். இதற்குப் பயந்து பூனையைத் தெருவில் விடத் தேவையில்லை.

அப்படியென்றால் எதைப் போடுவது? கடற்கரை மணல் வேண்டாம், கரையை நாங்களே அரிக்க வைத்ததாகிவிடும். தனிச் சாம்பலும் வேண்டாம், நனைந்த சாம்பலின் காரம் பூனையின் பாதத்தைச் சுடும். உமி ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. எங்களுக்குப் பொருத்தமானது தும்புத்தூள். தேங்காய் மட்டையில் தும்பு எடுத்த பிறகு மிஞ்சுவது, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும், உக்கும். கிடைக்காவிட்டால் மரக்காலையில் மருந்தடிக்காத மரத்தின் தூள், அதுவும் இல்லையென்றால் கிழித்த பழைய பத்திரிகை. பூனை பழகும்வரை பழைய மணலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

அள்ளியதைக் கிணற்றுக்கு எட்டத்தில், பனையடியிலோ பூமரத்தடியிலோ ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். மிக ஆழமாக வெட்ட வேண்டாம், உக்கச் செய்யும் உயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். மரக்கறித் தோட்டத்தில் மட்டும் போட வேண்டாம்.

எங்கள் மார்க்கத்தில், பூனை வாய்வைத்த தண்ணீர் அசுத்தமல்ல என்று அபூ கதாதா (ரழி) அவர்கள் நபிகளாரிடம் கேட்டதை அறிவித்து, தான் வுழூச் செய்ய வைத்திருந்த பாத்திரத்தையே பூனை குடிப்பதற்குச் சரித்துக் கொடுத்தார்கள். பூனையின் கழிவோ நஜீஸ்தான், அதை ஒதுக்கிச் சுத்தம் செய்வது எங்கள் பொறுப்பு. பூனைக்குத் தண்ணீர் கொடுப்பதும் எல்லோருடைய தண்ணீரைக் காப்பதும் ஒரே கடமையின் இரண்டு பக்கங்கள் என்றே நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

அந்தப் பிள்ளையிடம் சொன்னோம்: "அம்மம்மாவிடம் கேளுங்கோ, அந்தக் காலத்தில சாம்பல் மேடு எங்க இருந்தது, கிணறு எங்க இருந்தது எண்டு." அடுத்த நாள் வந்து சொன்னாள்: "வளவின்ர இந்த மூலையில சாம்பல் மேடு, அந்த மூலையில கிணறு, சேர்."

உங்கள் வளவில் எப்படி இருந்தது? கீழே எழுதுங்கள்.